பாதி மோதிர விரல்

எங்கள் தெரு நாயோடு எனக்கு நெடுநாள் பேச்சுவார்த்தை உண்டு. ஜீவனஹள்ளியில் நாங்கள் குடியிருக்கும் சந்தில், மாவு மில்லுக்கு எதிரே அது படுத்திருக்கும். காலையில் பால் பாக்கெட்டோடு நான் திரும்பும்போது என்னைப் பார்த்து இரண்டு குரை குரைக்கும். நானும் பதிலுக்கு இரண்டு குரைப்பேன். அதோடு சரி. அது அதன் வேலையைப் பார்க்கும், நான் என் வேலையைப் பார்ப்பேன். ஐம்பதைத் தாண்டிய மனுஷன் நடுத்தெருவில் நின்று குரைப்பது அழகா என்று என் மனைவி கேட்பாள். கன்னடம், தெலுங்கு, உருது என்று இந்த ஊரில் எல்லாவற்றையும் சமாளித்தாகிவிட்டது, இது ஒன்றுதான் பாக்கி என்பேன்.

அன்று காலை நான் குரைத்ததில் ஏதோ கெட்ட வார்த்தை விழுந்துவிட்டது போலிருக்கிறது. நாய் என்னை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு எழுந்து வந்து, கொஞ்சமும் அவசரப்படாமல், என் கெண்டைக்காலைக் கடித்தது.

நான் போட்ட கூச்சலில் மச்சான் ஓடி வந்தான். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. விமான நிலையத்துக்கு டாக்ஸி ஓட்டுகிறான். எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் இருக்கிறான். தெருமுனையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவன், அதே துணியை வீசி நாயை விரட்டப் பார்த்தான். நாய் பாரபட்சம் காட்டவில்லை. அவன் மணிக்கட்டிலும் ஒன்று போட்டுவிட்டுத்தான் போனது.

“என்னா மாமா பண்ணீங்க அதை?”

“ஒண்ணும் பண்ணலடா. எப்பவும் போலப் பேசினேன்.”

இருவரும் ரத்தம் சொட்டச் சொட்ட வாசலில் போய் நின்றோம். என் மனைவி கதவைத் திறந்தாள். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, நேராகக் கீழே பார்த்தாள்.

“ஐயையோ! காபிக் கறையைத் தேய்ச்சுத் துவைச்சு இப்பதான்டா கால்மிதியைப் போட்டேன்! தள்ளி நில்லுங்க ரெண்டு பேரும்!”

அதற்குப் பிறகுதான் காலையும் கையையும் பார்த்தாள். பார்த்ததும் ஆளே மாறிவிட்டாள். குழாயடிக்கு இழுத்துப்போய், துணி சோப்பை எடுத்து, பாத்திரம் விளக்குவது போல எங்கள் காயத்தைத் தேய்த்தாள். “எரியுது அக்கா” என்றான் மச்சான். “எரியட்டும்” என்றாள்.

அரசு மருத்துவமனையில் எங்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். காயத்தைச் சுற்றி ஒரு மருந்து குத்தினார்கள். அதைப்பற்றிப் பேச விருப்பமில்லை. பிறகு தடுப்பூசி. இரண்டு தோளிலும், தோலுக்குள், கொசு கடித்த தடிப்பு போலச் சின்னதாக உப்பியது. “ஆயித்து சார், இஷ்டே” என்றார் நர்ஸம்மா, முடிந்தது, அவ்வளவுதான் என்று. அடுத்தடுத்த தேதிகளைச் சொல்லி, ஒன்றைக்கூடத் தவறவிடக்கூடாது என்று எச்சரித்தார். நாய் பத்து நாள் வரை நல்லபடியாக நடமாடுகிறதா என்று பார்த்து வந்து சொல்லவும் சொன்னார்.

அங்கேதான் சிக்கல். அன்றிலிருந்து நாயைக் காணோம். மாவு மில்லுக்கு எதிரே, மண்ணில் அது படுத்த பள்ளம் மட்டும் இருந்தது.

இரண்டாம் தவணை ஊசியும் போட்டுக்கொண்டோம். மறுநாள் நான் வேலைக்குப் போனேன்.

என் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் பிழை பார்க்கிறேன். இந்த ஊர்ப் பத்திரிகை என்றால் ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் கன்னடம், நடுவே ஆங்கிலம். மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், திறந்துகூடப் பார்க்காமல் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிடுவார்கள். அச்சடித்து முடித்த பிறகு, பெரிய மாமா பெயர் சின்ன மாமாவுக்குக் கீழே வந்துவிட்டது என்று கடைக்கு வந்து கலாட்டா செய்வார்கள். அதனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம்: பத்திரிகை முழுவதையும் போனில் வாய்விட்டுப் படித்துக் காட்டி, ஒவ்வொரு பெயருக்கும் “ஆமாம்” வாங்க வேண்டும். இடது முழங்கையை மேஜையில் ஊன்றி, போனை இடது காதில் வைத்து, வலது கையில் பேனாவோடு நான் படிக்க ஆரம்பித்தால், மறுமுனையில் குடும்பமே கூடிச் சண்டை போட்டு முடிக்கும் வரை அசையமாட்டேன். தை பிறந்தால் நாள் முழுக்க இதே கோலம்தான்.

அன்றும் அப்படித்தான். “நிகழும் மங்களகரமான” என்று தொடங்கி, தாய்மாமன்கள் வரை வந்துவிட்டேன். திடீரென்று போன் கையிலிருந்து நழுவி மேஜையில் விழுந்தது. கையைப் பார்த்தேன். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துக் கிடந்தன. தொட்டால் வேறு யாரோ ஒருவருடைய விரலைத் தொடுவது போலிருந்தது. மேஜையிலிருந்து போன் “தாய்மாமன் பேரு என்னா ஆச்சு, தாய்மாமன் பேரு என்னா ஆச்சு” என்று கத்திக்கொண்டிருந்தது.

நேற்று ஊசி, இன்று விரல். இதற்கு மேல் என்ன விசாரணை வேண்டும்? தீர்ப்பை அங்கேயே எழுதிவிட்டேன்.

தீர்ப்பு எழுதிய பிறகு சாட்சி தேடுவது சுலபம். போனை எடுத்து, தடுப்பூசி, நரம்பு, மரத்துப்போதல் என்று அடித்தேன். அது கொட்டியது. காலில் தொடங்கி மேலே ஏறும் வாதம், முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, நாக்கு குழறுவது. இவையெல்லாம் மிக மிக அரிது என்றும் அதே பக்கத்தில் போட்டிருந்தது. ஆனால் அரிதான சங்கதிகள் என்னைத் தேடி வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெரு நாய் வந்து கடித்ததே!

உடனே பரிசோதனையில் இறங்கினேன். முகம் கோணியிருக்கிறதா என்று பார்க்க, மாதிரிப் பத்திரிகைகள் வைத்திருக்கும் கண்ணாடி அலமாரி முன் நின்று விசில் அடித்தேன். நாக்கு குழறுகிறதா என்று தெரிந்துகொள்ள, வியாழக்கிழமை வாழைப்பழத் தோல் வழுக்கிக் கிழவன் விழுந்த கதையை உரக்கச் சொன்னேன். காலில் பலம் இருக்கிறதா என்று ஒற்றைக்காலில் நின்றேன். அப்போது பெண்ணுக்குப் பத்திரிகை பார்க்க ஒரு குடும்பம் உள்ளே வந்தது. ஒற்றைக்காலில் நின்று விசிலடித்துக்கொண்டு கிழவனைப்பற்றிப் பேசும் ஆளைப் பார்த்துவிட்டு, “அப்புறமா வர்றோம்” என்று கிளம்பியது. முதலாளி என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“காக்கா உக்காந்து பனம்பழம் விழுந்த கதையா இருக்கும். எதுக்கு இப்படி ஆடுறீங்க?”

“பழம் என் தலையில விழுந்திருக்குடி. காக்காவுக்கு நீ வக்காலத்து வாங்குறியா?”

அவளிடம் எடுபடவில்லை என்றதும் குடும்பக் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். கம்மிய குரலில், “ஊசி போட்டதில் கை போய்க்கொண்டிருக்கிறது, எல்லோரும் சந்தோஷமாக இருங்கள்” என்றேன். உடனே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள் வந்தன. சித்தப்பா மகன், “அண்ணே, இந்த மாசத்துல இதுதான் பெஸ்டு” என்றான். ஊரைச் சிரிக்க வைத்தே காலத்தை ஓட்டியவனுக்கு அழுவதற்கு அனுமதி கிடையாது என்று அன்று தெரிந்தது.

ஒரே ஒருவன் சிரிக்கவில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

“நெஜமாவா மாமா?”

நெஜம்தான் என்று இரண்டு விரலையும் காட்டினேன். என் வேதனையைக் கேட்க ஓர் ஆள் கிடைத்த மகிழ்ச்சியில், படித்ததையெல்லாம் அவனிடம் கொட்டினேன். காலில் தொடங்கும், இடுப்புக்கு ஏறும், மூச்சைப் பிடிக்கும் என்று கை காட்டிக் காட்டிச் சொன்னேன். அவன் தன் மணிக்கட்டுக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

“எனக்கு அடுத்த ஊசி வேணாம் மாமா.”

“என்னடா சொல்ற?”

“ஸ்டியரிங் புடிக்கிற கை மாமா. ரெண்டு விரல் செத்தா யாரு வண்டி குடுப்பான்? எங்கப்பாவை நாய் கடிச்சப்ப தொப்புளைச் சுத்தி ஊசி போட்டாங்களே, அப்ப அதே ஊசி போட்டுக்கிட்ட ஒருத்தருக்குக் காலு ரெண்டும் போயிடுச்சுன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு. நான் நம்பல. இப்ப கண்ணு முன்னாடி பாக்கறேன்.”

அவன் மாடிப்படி ஏறிப் போனான். அதுவரைக்கும் இந்த நாடகத்தில் சாகப்போகும் கதாநாயகன் நான்தான். இப்போது பார்த்தால் மேடையில் வேறொருவன் நிற்கிறான். வெறிநாய்க்கடியைப் பற்றியும் அதே போனில் படித்திருந்தேன். அது வெளியே தெரிந்துவிட்டால் மருந்து கிடையாது, திரும்பி வருவதும் கிடையாது. நாயையோ காணோம். அதற்கு வெறி இருந்ததா இல்லையா என்று சொல்ல யாருமில்லை. இந்த நிலைமையில், என்னைக் காப்பாற்ற ஓடி வந்து கடி வாங்கியவன், என் பேச்சைக் கேட்டு ஊசியை நிறுத்துகிறான்.

பின்னாலேயே ஏறிப் போனேன். “டேய், சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்டா” என்றேன்.

“போங்க மாமா. விளையாட்டுக்குச் சொன்னா உங்க மூக்கு விடைக்கும். இன்னிக்கு விடைக்கல.”

மூக்கை விடைக்க வைத்துப் பார்த்தேன். வரவில்லை.

கடைசியில் அவன் அக்காதான் பஞ்சாயத்து செய்தாள். “நாளை மறுநாள் ஊசித் தேதி. மூணு பேரும் போறோம். மொதல்ல இவரை டாக்டர் பாக்கட்டும். ஊசியாலதான்னா உனக்கு வேணாம். இல்லன்னா மூச்சு விடாம போட்டுக்கணும். சரியா?”

“டாக்டர் ஊசிக்குத்தானே பரிஞ்சு பேசுவாங்க? அவங்க சொன்னா நான் நம்ப மாட்டேன்க்கா. எனக்கே தெரியணும்.”

“தெரியும் வா.”

இடையில் இருந்த பொழுதை நான் வீணாக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் முழங்கையை ஊன்றி, போனைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, மேலும் மேலும் படித்தேன். படிக்கப் படிக்க மரப்பு ஏறியது. இதை ஒரு தடயமாகவே எடுத்துக்கொண்டேன்.

ஊசித் தேதியன்று மச்சானின் வண்டியிலேயே போனோம். ஒவ்வொரு சிக்னலிலும் அவன் பத்து விரல்களையும் மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டான். பக்கத்து இருக்கையில் நானும் அதையே செய்தேன். பின்னாலிருந்து என் மனைவி, “பச்சை விழுந்திடுச்சு, ரெண்டு பேரும் டான்ஸ் ஆடினது போதும்” என்றாள்.

டாக்டரம்மாவுக்கு என் மனைவியின் வயதிருக்கும். நான் தட்டுத் தடுமாறிக் கன்னடத்தில் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார். “தமிழ்லயே சொல்லுங்க சார். நான் ஸ்ரீராம்புரத்துல வளர்ந்தவ. பயத்தைத் தாய்மொழியில சொன்னாத்தான் சரியா வரும்.”

சொன்னேன். ஊசி, மறுநாள், விரல், வாதம், மூச்சு. என் சொந்தத் தீர்ப்பையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது. கட்டிலில் உட்காரவைத்துச் சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் எகிறி அவர் மேஜையை உதைத்தது. மறு காலும் அப்படியே. நடக்கச் சொன்னார், குதிகாலில் நிற்கச் சொன்னார், கண்ணை இறுக மூடச் சொன்னார், கன்னத்தை உப்பச் சொன்னார். விசில் அடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

“நீங்க படிச்சுட்டு வந்த வியாதி, கூடுமானவரைக்கும் ரெண்டு பக்கமும் வரும். காலு பலம் போகும். இப்படித் தட்டினா துள்ளாது. உங்க காலு என் மேஜையை ஒடைக்கப் பாக்குது. சரி, அதை விடுங்க. ஊசி எங்க போட்டாங்க?”

“ரெண்டு தோள்லயும்.”

“மரத்தது?”

“இடது கை. ரெண்டு விரல்.”

“முழு விரலா?”

விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டாக்டரம்மா ஒரு பஞ்சைத் திரித்தார். திரும்பி மச்சானைப் பார்த்தார். அவன் கதவோரமாக, ஓடுவதற்குத் தோதாக நின்றுகொண்டிருந்தான்.

“உங்களுக்குத்தானே தெரியணும்? வாங்க, இப்படி உக்காருங்க. இந்தப் பஞ்சால அவரு விரலைத் தொடுங்க. சார், நீங்க கண்ணை மூடிக்கிட்டு, தெரியறப்ப மட்டும் ‘ம்’ சொல்லுங்க.”

மச்சான் தொட்டான். நடு விரலில் ‘ம்’ என்றேன். ஆள்காட்டி விரலில் ‘ம்’. பிறகு கொஞ்ச நேரம் எதுவுமில்லை. “தொட்டியாடா?” என்றேன். “சுண்டு விரல்ல கோலமே போட்டுட்டேன் மாமா” என்றான். அடுத்தது மோதிர விரல். ‘ம்’ என்றேன். மறுபடி ஒன்றுமில்லை. மறுபடி ‘ம்’. மறுபடி ஒன்றுமில்லை.

“மேடம், இது என்னா இது?” மச்சானின் குரல் மாறியிருந்தது. “மோதிர விரல்ல நடு விரல் பக்கம் தெரியுது. சுண்டு விரல் பக்கம் தெரியல. பாதி விரல்தான் மரத்திருக்கு!”

“அதான். ஒரே விரலுக்கு ரெண்டு நரம்பு. பாதிக்கு ஒண்ணு, பாதிக்கு ஒண்ணு. இவருக்கு அதுல ஒண்ணு மட்டும் கோவிச்சுக்கிட்டு இருக்கு. ரத்தத்துல கலந்து உடம்பெல்லாம் போற மருந்து, ரெண்டு தோளையும் விட்டு, ஒரு கைக்கு மட்டும் எறங்கி, ரெண்டு விரலைப் புடிச்சு, அதுல ஒண்ணைப் பாதியில கோடு கிழிச்சு நிறுத்துமா? சார், நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

சொன்னேன். சொன்னது போதாதென்று செய்தும் காட்டினேன். என்னையறியாமல் இடது முழங்கையை அவர் மேஜையில் ஊன்றி, கையைக் காதோரம் வைத்து, “நிகழும் மங்களகரமான” என்று ஆரம்பித்துவிட்டேன்.

“அப்படியே இருங்க! அசையாதீங்க!” என்றார் டாக்டரம்மா. எழுந்து வந்து, என் முழங்கையின் உள்பக்கப் பள்ளத்தில் ஒரு விரலால் சுண்டினார். மின்சாரக் கம்பியைத் தொட்டது போல ஒரு சுரீர் ஓடிப்போய்ச் சுண்டு விரல் நுனியில் நின்றது. நான் போட்ட சத்தத்துக்கு வெளியே வரிசையில் இருந்தவர்களில் பாதிப்பேர் ஊசி வேண்டாமென்று கிளம்பியிருப்பார்கள்.

“இந்தப் பள்ளத்துல அந்த நரம்பு போகுது. நாள் முழுக்க மடக்கி, மேஜைல அழுத்தி, அதுக்கு மேல கல்யாணத்தையே நடத்தறீங்க. அது எவ்வளவு நாள் பொறுக்கும்?”

“ஆனா மேடம், பல வருஷமா இப்படித்தானே படிக்கிறேன். ஊசி போட்ட மறுநாள்தானே வந்துச்சு?” என்றேன். என் வியாதியை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

“நல்ல கேள்வி. அதுக்கு முன்னாடி ஒரு நாளும் மரத்ததில்லையா? நெனச்சுப் பாருங்க.”

“இல்லவே இல்ல.”

“பொய்” என்றது என் மனைவியின் குரல். “அன்னிக்குக் காபி டம்ளரைக் கீழ போட்டீங்களே. கேட்டதுக்கு, சுண்டு விரலும் மோதிர விரலும் ஸ்டிரைக் பண்ணுதுங்க, கூலி ஒசத்திக் குடுத்தாத்தான் வேலைக்கு வரும்னு சொல்லல?”

“அது ஜோக்குடி.”

“வெரல் மரத்ததாலதானே அந்த ஜோக்கு?”

எனக்கு நினைவிருந்தது ஜோக் மட்டும்தான். விரல் மறந்துவிட்டது. சிரிப்பு வந்தால் விஷயம் முடிந்தது என்று கணக்கை மூடிவிடுகிற ஆள் நான். இருந்தாலும் ஒப்புக்கொள்ளவில்லை. “அது ஊசிக்கு அப்புறமா இருக்கும்” என்றேன். மச்சானும் தலையை ஆட்டினான். “அக்கா என்னை ஊசி போடவைக்கிறதுக்கு எதையாவது சொல்லும் மேடம்.”

“அப்ப முன்னாடியா, பின்னாடியா? அதுதான் எனக்கு முக்கியம்” என்றார் டாக்டரம்மா. “காக்கா உக்காரறதுக்கு முன்னாடியே பழம் விழுந்திருந்தா, காக்கா மேல கேஸே கெடையாது.”

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மச்சான் பஞ்சை உருட்டிக்கொண்டே இருந்தான். திடீரென்று நிமிர்ந்தான்.

“மாமா. அந்தக் காபி எங்க கொட்டுச்சு?”

“வாசல்ல. பேப்பர் எடுக்கப் போனப்ப. கால்மிதி மேல.”

“நாய் கடிச்சு நாம ரெண்டு பேரும் ரத்தத்தோட போய் நின்னமே, அப்ப அக்கா என்னா கத்துச்சு?”

‘காபிக் கறையைத் தேய்ச்சுத் துவைச்சு இப்பதான்டா போட்டேன்.’ எங்கள் இருவர் காதிலும் விழுந்ததுதான். முதலில் காபிக் கறை. அது துவைத்துப் போன பிறகு ரத்தக் கறை. அதற்கும் பிறகுதான் ஊசி.

“காபி மொதல்ல” என்றான் மச்சான். “மேடம், இவருக்கு வெரல் போனது நாய் கடிக்கறதுக்கும் முன்னாடி!” அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அடுத்த நொடியே கோபமும் வந்தது. “ஏன் மாமா, இதுக்கா என்னை ரெண்டு நாளா தூங்கவிடல?”

“நான் மட்டும் தூங்கினேனா?”

டாக்டரம்மா அவனையும் விடவில்லை. அவன் முழங்கையிலும் சுண்டினார். அவனும் துள்ளினான். “பாத்தீங்களா, இந்த நரம்பு எல்லார்க்கும் இருக்கு. அழுத்தி அழுத்திக் கெடுக்காம இருந்தாப் போதும்.”

அவன் கையைத் தேய்த்துக்கொண்டே, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டான். “அப்ப எங்கப்பா சொன்னது? காலு போனது?”

டாக்டரம்மா நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். “உங்கப்பா சொன்ன அந்த ஆளை நான் பாக்கல. ஆனா பொய்யின்னு சொல்ல மாட்டேன். தொப்புளைச் சுத்திப் போட்டது ஆட்டு மூளையில செஞ்ச மருந்து. அதுல எப்பவாவது ஒருத்தருக்கு நரம்பு கெட்டது உண்டு. அதனாலதான் அதையே நிறுத்திட்டாங்க. இப்ப உங்களுக்குப் போடறது வேற. இதுல ஒண்ணுமே வராதுன்னு நான் சத்தியம் பண்ணல. யாரு வந்து சொன்னாலும் இந்த மாதிரி உக்காரவெச்சு, எப்ப வந்துச்சு, எங்க வந்துச்சு, வேற காரணம் இருக்கான்னு பாத்துத்தான் சொல்லுவேன். உங்க மாமாவைப் பாத்தேன். அவருக்கு வந்தது ஊசியால இல்ல. நீங்க கண்ணாலயே பாத்தீங்க.”

மச்சான் எழுந்தான். பஞ்சைக் குப்பைத் தொட்டியில் போட்டான். யாரும் சொல்லாமலே சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு ஊசி போடும் அறையைப் பார்த்து நடந்தான். என் மனைவி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன். அதைவைத்து ஒரு ஜோக்கும் வரவில்லை.

அதே நர்ஸம்மாதான். “போன தடவை ஊசிக்கு அப்புறம் ஏதாவது தொந்தரவு ஆயித்தா?” என்று எங்கள் இருவரையும் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டான். “எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். இவருக்கு ஆச்சு. ஆனா ஊசிக்கு முன்னாடியே ஆயிடுச்சு.”

நர்ஸம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார். கூட்டம் அதிகம் என்பதால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. மச்சானுக்கு இரண்டு தோளிலும் போட்டார். அவன் ஊசியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்து என் முறை. போட்டதும், தலை லேசாகச் சுற்றுகிறது என்றேன். “இதுவும் முன்னாடியே வந்ததா மாமா?” என்றான்.

இப்போது கடையில் நான் காதில் மாட்டும் கருவியோடு, இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு பத்திரிகை படிக்கிறேன். சின்னப் பையன் திருக்குறள் ஒப்பிப்பது போல இருக்கிறதாம், முதலாளி சொல்கிறார். வீட்டில் படுக்கும்போது முழங்கை மடங்காமலிருக்க என் மனைவி ஒரு துண்டைச் சுற்றிக் கட்டிவிடுகிறாள், புடலங்காய் வளையாமல் வளர கல்லைக் கட்டுவது போல. மோதிர விரலின் மறு பாதி மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. சுண்டு விரல் இன்னும் அரை நாள் வேலைதான் பார்க்கிறது. குடும்பக் குழுவில், தடுப்பூசி நிரபராதி என்று ஒரு குரல் பதிவு போட்டேன். அதற்கும் சிரிக்கும் பொம்மைகள்தான்.

கடைசித் தவணையையும் போட்டுக்கொண்டு மச்சானின் வண்டியில் திரும்பி வந்தோம். சந்துக்குள் திரும்பியதும் அவன் பிரேக்கை அழுத்தினான். மாவு மில்லுக்கு எதிரே, அதே பள்ளத்தில், அது படுத்திருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தது. ஒரு காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு: மாநகராட்சி ஆட்கள் பிடித்துப் போய்க் கருத்தடை அறுவை செய்து, ஊசியும் போட்டு அனுப்பியதற்கான அடையாளம். எங்களைக் கடித்த சூட்டோடு அதுவும் ஊசிக்குத்தான் போயிருக்கிறது. அதற்கு விரல் ஏதும் மரத்ததாகத் தெரியவில்லை.

நான் வண்டியிலிருந்து இறங்கினேன். அது தலையைத் தூக்கி இரண்டு குரை குரைத்தது.

பதில் என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பின்னாலிருந்து மச்சான் ஹாரனை ஓங்கி அடித்தான்.

“மாமா! வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குள்ள போங்க!”

போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கால்மிதியில் படாமல் தாண்டித்தான் போனேன்.